கவிழ்ந்ததா, கவிழ்த்தாயா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் அக்காள் வீட்டிற்கு ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், மின்தூக்கி இல்லாத பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடி. அக்காள் மகளுக்கு வயது இரண்டேகால். வரும் ஜூன் மாதம் அவளை ஒரு மழலையர் பள்ளியில் சேர்க்க விரும்புகிறார்கள். அந்தப் பள்ளி (பெயர் வேண்டாம், இந்நகரில் அதைப்போல் பல உள்ளன) பெற்றோர் கூட்டத்தில் இப்பெட்டியைப் பரிந்துரைத்ததோடு, கையெழுத்திட்டுத் திருப்பித் தருமாறு ஒரு தாளையும் கொடுத்திருக்கிறது. 'வீட்டில் செய்யவேண்டிய விளையாட்டுச் செயல்பாடுகள்' என்பது அத்தாளின் தலைப்பு.

பெட்டியைத் திறந்தோம். மரக்கரண்டி ஒன்று, மரக்கிண்ணங்கள் இரண்டு, சிறிய சல்லடை ஒன்று, கம்பளி உருண்டைகள் சில, துளையிட்ட பலகையும் அதில் செருகுவதற்கு முளைகளும், ஒரு துணிப்பை, ஒவ்வொன்றையும் எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கும் வழவழப்பான அட்டைகள். விலை மூவாயிரத்துச் சொச்சம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கல்யாணமாகித் தாராவிக்கு வந்து, இப்போது எங்களோடு இருக்கும் ஆச்சி, அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏட்டி, இதுல எது நம்ம அடுப்பாங்கரைல இல்லாதது?"

ஆச்சியின் கேள்விக்கு எங்களிடம் விடையில்லை. ஆனாலும் நான் இங்கே சண்டைக்கு வந்திருப்பது விலையைப் பற்றி அன்று. பணம் உள்ளவர் வாங்குகிறார். அது அவர் விருப்பம். என் சண்டை அந்தத் தாளின் நான்காம் வரியோடு. 'செயல்பாட்டு நேரத்தில் குழந்தையுடன் ஆங்கிலத்தில் மட்டும் பேசவும். வட்டார மொழியைத் தவிர்க்கவும்' என்கிறது அது. கரண்டியும் கிண்ணமும் கொடுத்துக் கொட்டி அள்ள விடு, அதற்குரிய சொல்லை மட்டும் கொடுக்காதே என்பதே இதன் பொருள். மொழியியல் படித்தவள் என்ற முறையில் இதைவிடக் கேடான ஓர் அறிவுரையை நான் அண்மையில் கண்டதில்லை. ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன், பொறுமையுள்ளோர் படிக்கவும்.

பெட்டி வருவதற்குச் சில நாள் முன்பு நடந்தது இது. அடுப்படித் தரையில் ஆச்சி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பித்தளை உழக்கில் அரிசியை அள்ளுவதும் கொட்டுவதுமாக இருந்தாள். சட்டென்று உழக்கைத் தலைகீழாக்கிவிட்டு, எங்களை நிமிர்ந்து பார்த்து, "கவுந்துட்டு" என்றாள். ஆச்சி சுளகை நிறுத்தவில்லை. "கவுந்துட்டா, கவுத்திட்டியா?" என்று மட்டும் கேட்டார். பிள்ளை ஒரு கணம் உழக்கைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், பிறகு பெருஞ்சிரிப்போடு "கவுத்திட்டேன்" என்றாள்.

எங்கள் துறையில் ஒரு பருவம் முழுக்க நடத்தும் பாடத்தை ஆச்சி ஒரு கேள்வியில் நடத்தி முடித்துவிட்டார். கவிழ்ந்தது என்றால் அது தானே நிகழ்ந்தது. கவிழ்த்தது என்றால் ஒருவர் நிகழ்த்தியது. மெல்லின ஓசை ஒன்று வல்லினமாக இரட்டிக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு. பள்ளி இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று மனப்பாடம் செய்து மறந்துபோனோமே, அதுதான். ஆனால் இந்த இணைகளின் பட்டியலை ஒருமுறை எழுதிப் பாருங்கள். உடைந்தது, உடைத்தது. சாய்ந்தது, சாய்த்தது. பிரிந்தது, பிரித்தது. கலைந்தது, கலைத்தது. அவிழ்ந்தது, அவிழ்த்தது. விரிந்தது, விரித்தது. சேர்ந்தது, சேர்த்தது. மறைந்தது, மறைத்தது. இன்னொரு வகையில் உருண்டது, உருட்டியது; ஆடியது, ஆட்டியது; ஓடியது, ஓட்டியது. இவை எவருடைய செயல்கள்? காலை முதல் இரவு வரை இரண்டு வயதுப் பிள்ளை வீட்டுக்குள் செய்யும் வேலைகளின் அட்டவணை இது. அடுக்கிய தட்டைச் சாய்ப்பாள், மடித்த துணியைக் கலைப்பாள், முடிச்சை அவிழ்ப்பாள், வெங்காயத்தை உருட்டுவாள், செய்தித்தாளை விரிப்பாள், சாவியை ஒளிப்பாள்.

ஆங்கிலத்தில் பெரும்பாலும் இந்த இரண்டிற்கும் ஒரே சொல். பந்து தானே உருண்டாலும் 'ரோல்', நான் உருட்டினாலும் 'ரோல்'. தானே உடைந்தாலும் 'பிரேக்', உடைத்தாலும் 'பிரேக்'. அதனால் ஆங்கிலக் குழந்தைக்குக் காரணகாரியம் விளங்காது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர் மொழியியலர் அல்லர், மேடைப் பேச்சாளர். அந்த மொழி அந்த வேலையை வேறு வழியில், வாக்கிய அமைப்பின் துணையோடு, செய்துகொள்கிறது. நான் சொல்வது இவ்வளவே: தமிழ்ப் பிள்ளைக்கு அந்த வேற்றுமை வினைச்சொல்லின் உடம்பிலேயே இருக்கிறது. அதைப் பெறுவதற்கு அவளுக்கு வேண்டியது, கையில் ஓர் உழக்கும், பக்கத்தில் தமிழ் பேசும் ஒருவரும். நான்காம் வரி அந்த இரண்டாவதை எடுத்துவிடச் சொல்கிறது.

மொழி என்பது பொருள்களுக்கு ஒட்டும் பெயர்ச்சீட்டு என்று எண்ணுவோர்தாம் இப்படிப்பட்ட வரிகளை எழுதுகிறார்கள். 'கரண்டி' என்பதற்குப் பதில் 'ஸ்பூன்' என்றால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்பார்கள். பெயரில் பெரிதாக ஒன்றும் குறைவதில்லை. ஆனால் குழந்தை பெயர்களை மட்டுமா கற்கிறது? 1991ஆம் ஆண்டு சூன்ஜா சோய், மெலிசா பவர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் கொரியமொழிக் குழந்தைகளையும் ஆங்கிலக் குழந்தைகளையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு எங்கள் துறையில் எல்லோரும் படிப்பது. ஆங்கிலம் பேசுவோர், ஒன்று மற்றொன்றின் உள்ளே போகிறதா, மேலே இருக்கிறதா என்று பிரிப்பார்கள். கொரிய மொழி அப்படிப் பார்ப்பதில்லை. இறுக்கமாகப் பொருந்துகிறதா, தளர்வாகக் கிடக்கிறதா என்று பார்க்கிறது. பேனாவுக்கு மூடியிடுவதும், விரலில் மோதிரம் போடுவதும், உறைக்குள் ஒலிநாடாவைச் செருகுவதும் அங்கே ஒரே வினை. இரண்டு மொழிக் குழந்தைகளும் இரண்டு வயது நிரம்புமுன்பே தத்தம் மொழி பிரிக்கும் விதத்திலேயே இச்சொற்களைப் பயன்படுத்தத் தொடங்கிவிடுகின்றன. எதை வைத்து? கிண்ணம், மூடி, டப்பா, உறை, சட்டை ஆகியவற்றை வைத்து. வீட்டுச் சாமான்களே ஆய்வுக் கருவிகள்.

தமிழ் இதில் எங்கே நிற்கிறது என்பதை அக்காள் வீட்டு அடுப்படியிலேயே பார்க்கலாம். தட்டை வை. தட்டின்மேல் தட்டை அடுக்கு. பருப்பை டப்பாவில் போடு. கரண்டியை ஆணியில் மாட்டு. பூவைக் கொண்டையில் செருகு. நூலை ஊசியில் கோ. பஞ்சை உறைக்குள் திணி. கையைச் சட்டைக்குள் நுழை. மூடியைத் திருகு. ஆங்கில அட்டையில் இவை பெரும்பாலும் 'உள்ளே', 'மேலே' என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடுகின்றன. அட்டையைப் பார்த்துப் படிக்கும் தாய், ஆங்கிலத்தில் முழு வளத்தோடு பேசுபவராக இருந்தால்கூடப் பரவாயில்லை. பெரும்பாலோர் அப்படியில்லையே. தனக்கு இயல்பாக வராத மொழியில், மனப்பாடமாக இருபது முப்பது கட்டளைகளை மட்டும் சொல்லிக்கொண்டு, தன் பிள்ளையோடு சிரிக்கவும் வம்பு பேசவும் முடியாமல் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். பார்க்கப் பாவமாக இருக்கிறது.

அதில் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். என் முனைவர் பட்ட ஆய்வு மும்பைத் தமிழின் வினைத்திரிபு பற்றியது. அதற்காகத் தாராவியில் வீடு வீடாகச் சென்று பேச்சைப் பதிவு செய்கிறேன். ஒரு வீட்டில், பத்துக்குப் பத்தடி அறையில், ஆயத்த ஆடைகளிலிருந்து நூல்பிசிறு வெட்டும் வேலை செய்துகொண்டிருந்தார் ஓர் இளம் தாய். வெட்டிய நூலையெல்லாம் அவருடைய இரண்டு வயது மகன் பொறுக்கிப் பழைய பால்பவுடர் டப்பாவில் திணித்துக்கொண்டிருந்தான். நிரம்பியதும் கவிழ்ப்பான், மறுபடி திணிப்பான். தாய் வேலையை விடாமலே அவனோடு பேசிக்கொண்டிருந்தார்: "இன்னும் திணி, நல்லா அமுக்கு, பிதுங்குது பாரு." என் பதிவுக்கருவிக்கு அன்று பொன் கிடைத்தது. புறப்படும்போது அவர் தயங்கிக் கேட்டார்: "டீச்சர், நாங்க வீட்டுல இங்கிலீஷ் பேசறதில்ல, விளையாட்டுச் சாமானும் வாங்கித் தரல. புள்ள பின்தங்கிடுமா?"

இந்தக் கேள்வியை அவர் தாமாக உண்டாக்கிக்கொள்ளவில்லை. யாரோ அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். மாட்டுங்காவில் வழவழத் தாளில் அச்சாகும் நான்காம் வரி, ரயில் பாதையைக் கடந்து தாராவிக்குள் நுழையும்போது அச்சமாக மாறுகிறது. இதனால்தான் கோபப்படுகிறேன். அக்காள் வீட்டுப் பிள்ளைக்குப் பெட்டியும் உண்டு, ஆச்சியும் உண்டு. அவள் எப்படியும் பிழைத்துக்கொள்வாள்.

கையில் கிடைக்கும் பொருளை வைத்துச் சிறுபிள்ளைகளைக் கற்கவிடுவது எளியோருக்கான இரண்டாந்தர ஏற்பாடு என்ற எண்ணமும் வரலாறு அறியாமையால் வருவதே. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 'மாண்டிசோரி' என்று போட்டிருக்கிறது. அந்தப் பெயரை எவரும் எதன் மீதும் ஒட்டலாம். மரியா மாண்டிசோரி அம்மையார் 1907ஆம் ஆண்டு தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த இடம், ரோம் நகரில் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு. நம் சால்களை ஒத்த கட்டடங்கள். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தவர், போர் காரணமாக ஆண்டுக்கணக்கில் இந்தியாவிலேயே தங்கி, கொடைக்கானலிலும் வாழ்ந்தார். தண்ணீர் ஊற்றுதல், துடைத்தல், பெருக்குதல் போன்ற அன்றாட வீட்டுவேலைகளைக் கல்வியின் வாசலாக வைத்தவர் அவர். அந்த வாசலில் இன்று சுங்கச்சாவடி கட்டியிருக்கிறார்கள்.

அதைவிட நமக்கு நெருக்கமான கதை ஒன்று உண்டு. மாட்டுங்காவுக்கு அடுத்த நிலையம் தாதர். அங்கே 1936ஆம் ஆண்டு தாராபாய் மோடக் அம்மையார் 'சிசு விகார்' என்ற குழந்தைகள் கல்வி நிலையத்தைத் தொடங்கினார். பாவ்நகரில் கிஜுபாய் பதேக்காவோடு பணியாற்றி, மாண்டிசோரி முறையில் தேர்ந்தவர். ஆனால் அயல்நாட்டு மாதிரிக் கருவிகளின் விலை கிராமத்துக்கும் ஏழைக்கும் எட்டாது என்பதை உணர்ந்து, 1945இல் போர்டிக்கும், 1957இல் கோஸ்பாட் குன்றுக்கும் சென்று, வார்லிப் பழங்குடிப் பிள்ளைகளிடையே, விதை, கூழாங்கல், இலை, களிமண் என்று அங்கே கிடைத்தவற்றையே கருவிகளாக்கினார். உடன் நின்றவர் அனுதாய் வாக். பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லையா, பள்ளி அவர்கள் முற்றத்துக்குப் போகட்டும் என்றார்கள். 'அங்கன்' என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற சொல்லை இன்று தமிழ்நாட்டின் எந்தக் கிராமத்திலும் கேட்கலாம். 1975 அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடெங்கும் 33 இடங்களில் தொடங்கப்பட்டபோது, அவற்றுள் ஒன்று தாராவி. ஆக, வீட்டுப் பொருளையும் வீட்டு மொழியையும் கொண்டு குழந்தைக் கல்வியைக் கட்ட முடியும் என்று காட்டிய வரலாறு, உள்ளூர் ரயிலில் ஒரு நிலையத் தொலைவில் கிடக்கிறது. அதைக் கடந்துதான் அந்தப் பள்ளியின் பேருந்து தினமும் போகிறது.

இங்கிலாந்திலும் ஒரு கதை. எலினோர் கோல்ட்ஷ்மீட் என்ற அம்மையார், கைக்குழந்தைகளுக்குத் தாழ்ந்த கூடை ஒன்றில் மரக்கரண்டி, தூரிகை, உலோக மூடி, எலுமிச்சம்பழம், துணி என்று நெகிழியல்லாத வீட்டுப் பொருள்களைப் போட்டு வைத்துவிட்டு, பெரியவர் குறுக்கிடாமல் பக்கத்தில் அமர்ந்திருந்தால் போதும் என்றார். 'புதையல் கூடை' என்று அதற்குப் பெயர். அடுப்படியிலிருந்து எடுத்துப் போடு என்று அவர் சொன்ன கூடையை, இன்று அடுப்படிப் பொருள்களோடு சேர்த்து விற்கிறார்கள்.

நம் மரபைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். பெருமை பேசுவதற்காக அல்ல. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை நாம் பக்தி இலக்கியமாக மட்டும் படிக்கிறோம். மூன்றாம் மாதக் காப்பில் தொடங்கி, இரண்டு மாதத்திற்கு ஒன்றாக, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, சிற்றில், சிறுபறை என்று நடந்து, இருபத்தோராம் மாதச் சிறுதேரில் முடிப்பது ஒரு வைப்புமுறை. தலையை நிமிர்த்தி ஆடுவது, கைகொட்டுவது, தளர்நடையிட்டு வருவது, எட்டாததைக் கேட்பது, பறையை அடிப்பது, தேரை இழுப்பது என்று இவ்வரிசையை ஒரு குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சுவரில் மாட்டியிருக்கும் வளர்ச்சி அட்டவணையோடு பல இடங்களில் ஒத்துப்போகும். ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் எதைப் பற்றியது? சிறுமியர் கட்டிய மணல்வீட்டைச் சிறுவன் காலால் கலைப்பதைப் பற்றியது. சிறுபறை என்பது ஓயாத ஓசை. கலைப்பதும் இரைச்சல் போடுவதும் ஆளுக்கொரு பருவம் பெற்ற இலக்கியம் இது. இன்று அதே செயல்களுக்குக் கட்டடச் சங்கத்தின் வாட்சாப் குழுவில் புகார் வருகிறது.

குறுந்தொகையின் 61ஆம் பாடலில் தும்பிசேர் கீரனார் ஒரு சிறுதேரைக் காட்டுகிறார். தச்சன் செய்த அந்த விளையாட்டு வண்டியில் பிள்ளைகள் ஏறிச் செல்வதில்லை. கையால் இழுத்துச் செல்வதிலேயே இன்பம் கொள்கிறார்கள். பாடல் பேசுவது தலைவியின் காதலை. உவமையாக வருவதுதான் குழந்தை. ஆனால் உவமை என்பது எல்லோரும் கண்டறிந்த ஒன்றாக இருக்கவேண்டும் அல்லவா? பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள், குதிரை பூட்டாத மூன்றுருளைத் தேரை உருட்டுகிறார்கள். இதே பொருள் ஏழைக்கும் செல்வனுக்கும் இடையில் வந்தால் என்னாகும் என்பதை வடமொழியில் சூத்திரகர் காட்டினார். பண்டிதமணி மு. கதிரேசஞ் செட்டியார் 'மண்ணியல் சிறுதேர்' என்று தமிழாக்கிய நாடகத்தில், அயல்வீட்டுப் பையனின் பொன்வண்டியைப் பார்த்துவிட்ட சிறுவன், தன் மண்வண்டி வேண்டாம் என்று அழுகிறான். மண்வண்டி ஓடவில்லை என்பதனால் அல்ல அந்த அழுகை. அயல்வீட்டுப் பையன் இன்று கைபேசித் திரையில் இருக்கிறான். அழுவது பிள்ளையும் அல்ல, பெற்றோர்.

இனி என் சொந்தக் கூட்டத்தோடு கொஞ்சம். மாட்டுங்காத் தமிழர் வீடுகளில் நவராத்திரிக்குக் கொலுப்படி ஏறும் சொப்புச் சாமான்களைப் பார்த்திருப்பீர்கள். அம்பாசமுத்திரத்தில் கடைந்து, அரக்கு வண்ணம் பூசியவை. உரல், ஆட்டுக்கல், அம்மி, இட்லிப்பானை எல்லாம் பிள்ளையின் உள்ளங்கைக்கு ஏற்றவை. மராத்தியக் குடும்பங்களில் இதற்கு ஈடாக 'பாத்துகலி' உண்டு. நம் வீடுகளில் அந்தச் சொப்பு ஒன்பது நாள் படியில் நிற்கும். பிள்ளை கை நீட்டினால் "தொடாதே" என்போம். பத்தாம் நாள் செய்தித்தாளில் சுற்றிப் பரணில் ஏற்றுவோம். பிறகு அவளுக்கு நெகிழியில் செய்த 'கிச்சன் செட்' வாங்கித் தருவோம். மரப்பாச்சி நிலையும் அதுவே. பிள்ளை கடித்து, இழுத்து, குளிப்பாட்டித் தேய்ந்த மரப்பாச்சி எத்தனை வீட்டில் இருக்கிறது? தமிழ் வாழ்க என்று கூவுவதும் தமிழைப் படியில் ஏற்றி வைத்துத் தொடாதே என்பதும் ஒரே பழக்கத்தின் இரு பக்கங்கள்.

எதிர்வாதங்கள் சில உண்டு. ஒன்று வலுவானது, அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 'வீட்டுப் பொருளில் விளையாட விடு என்று சொல்வது எளிது. சிந்தியதை அள்ளுவது யார்? அந்த வேலையும் தாயின் தலையில்தானே விழும்?' உண்மை. பழைய நாளின் குழந்தை விளையாட்டைப் பாடுவோர் பெரும்பாலும், பின்னால் துடைப்பத்தோடு நின்ற பெண்ணைப் பாடாமல் விட்டுவிடுகிறார்கள். ஆகவே என் அத்திம்பேர் உட்பட எல்லாத் தகப்பன்மாருக்கும் சொல்கிறேன்: அரிசியை அள்ளுவதும் ஒரு செயல்பாடே, இருவரும் சேர்ந்து அள்ளுங்கள், அள்ளும்போது பேசுங்கள். "கொட்டுனா கொட்டட்டும், அள்ளத்தான கை இருக்கு" என்கிறார் ஆச்சி. அவர் யாருடைய கை என்று குறிப்பிடவில்லை. அத்தோடு, தனி நேரம் ஒதுக்கி, தனிப் பாய் விரித்து, அட்டையைப் பார்த்து நடத்துவதுதான் உண்மையில் கூடுதல் வேலை. நூல்பிசிறு வெட்டிய தாய் தன் வேலையை நிறுத்தவே இல்லை.

இரண்டாவது: 'மும்பையில் தமிழை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நாளை ஆங்கிலம் வேண்டுமே?' வேண்டும். மராத்தியும் வேண்டும், இந்தியும் வேண்டும். படிக்கட்டில் மராத்தி, கடையில் இந்தி, வீட்டில் தமிழ் என்று மூன்று மொழிகள் காதில் விழும் நகரம் இது. குழந்தைக்கு அது சுமையன்று. இருமொழிக் குழந்தையின் சொற்களை ஒரு மொழியில் மட்டும் எண்ணினால் குறைவாகத் தெரியும். இரு மொழியிலும் சேர்த்து எண்ணினால் அந்தக் குறை பெரும்பாலும் மறைந்துவிடும் என்று 1993லேயே பியர்சனும் உடன் ஆய்வாளர்களும் காட்டிவிட்டார்கள். ஆங்கிலத்தைச் சேர்ப்பதற்குத் தமிழைக் கழிக்க வேண்டும் என்ற கணக்கை எவர் போட்டாரோ தெரியவில்லை. 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையோடு எனக்குப் பல சண்டைகள் உண்டு. அதுகூட, இயன்றவரை குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை வீட்டு மொழியிலேயே கற்பிக்கச் சொல்கிறது. இரண்டேகால் வயதில் தவிர்க்கச் சொல்வதற்கு எந்தக் கொள்கையும் இடம் தரவில்லை.

மூன்றாவது, பாதுகாப்பு. இதில் பள்ளியின் பக்கம் நியாயம் உண்டு. பழைய காலத்தில் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஆனவர்கள் கதை சொல்ல இல்லை. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையிடம் நிலக்கடலை, கொண்டைக்கடலை, புளியங்கொட்டை, நாணயம், பொத்தான் ஆகியவற்றைத் தனியே விடக்கூடாது. மூக்கிலோ மூச்சுக்குழலிலோ போய்விடும். கைக்கடிகாரத்திலும் ஒளிரும் பொம்மைகளிலும் இருக்கும் வட்ட மின்கலத்தை விழுங்கினால், சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். வாளியில் நான்கு விரல் ஆழத் தண்ணீர்கூட ஆபத்து; விளையாடி முடித்ததும் கவிழ்த்துவிட வேண்டும். நெகிழிப்பை, நீண்ட கயிறு, தீப்பெட்டி எதுவும் வேண்டாம். அரிசி, ரவை, தண்ணீர் எல்லாம் ஒருவர் கண்பார்வையில்தான்.

இத்தனையும் விலக்கிய பிறகு மிஞ்சுவது என்ன என்று கேட்பீர்கள். மிஞ்சுவதே அதிகம். இட்லித் தட்டுகளை அடுக்கலாம். குழிக்குக் குழி ஒரு உருளைக்கிழங்குத் துண்டு வைக்கலாம். வெவ்வேறு அளவு டப்பாக்களையும் மூடிகளையும் கலந்து போட்டால், எதற்கு எது என்று தேடிப் பொருத்துவதில் அரைமணி போகும். தாம்பாளத்தில் மெல்லிய ரவை பரப்பி விரலால் கீறலாம். கீறியதைத் தடவி அழிக்கலாம். வாயகன்ற டப்பாவில் ஆச்சியின் பழைய புடவைத் துண்டுகளைத் திணித்து, நுனியை மட்டும் வெளியே விட்டால், உருவிக்கொண்டே இருப்பார்கள். சப்பாத்தி மாவை உருட்டலாம், தட்டலாம், கிள்ளலாம், பிய்க்கலாம். பாட்டிலில் அரிசி போட்டு, மூடியை இறுகத் திருகி, மேலே நாடாவையும் சுற்றிவிட்டால் கிலுக்கு ஆயிற்று. இரண்டு நாற்காலிக்கு இடையே போர்வையைப் போட்டால் குகை. சுளகில் மட்டும் என் ஆச்சிக்கு நான்கு வினைகள் உண்டு: புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், நாவுதல். நான்கும் நான்கு வேறு கையசைவுகள். எனக்கு இரண்டுதான் பிரித்தறியத் தெரியும். பிள்ளை இப்போதே புடைப்பதுபோல் செய்து காட்டுகிறாள். பாதி அரிசி தரையில்.

இதற்கெல்லாம் ஒரு 'கற்றல் நோக்கம்' எழுதவேண்டாம். படம் பிடித்துக் குழுவில் போடவேண்டாம். அவள் செய்வதை ஒட்டி, உங்களுக்கு வாயில் வருவதைச் சொன்னால் போதும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு முன் தம் தமிழ் சரியில்லை என்று கூசுவோரும் என்னிடம் வருகிறார்கள். ஆச்சி பேசும் 'கவுந்துட்டு' எந்த இலக்கண நூலிலும் இல்லை. ஆயினும் தன்வினை தன்வினையாகவே இருக்கிறது.

என் ஆய்வுக்காக ஒரு வேண்டுகோள். நடைபழகும் பிள்ளைகள் வீட்டுப் பொருள்களை வைத்துச் செய்யும் செயல்களுக்கு உங்கள் வீட்டில் வழங்கும் வினைச்சொற்களை, ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். டப்பாவைக் குலுக்குவதற்கு, பாத்திரத்தை உருட்டிவிடுவதற்கு, தண்ணீரைத் தெறிக்கவிடுவதற்கு என்ன சொல்வீர்கள்? தாராவியில் ஒரே சந்தில் நெல்லைக்காரர் ஒன்றும் சேலத்துக்காரர் வேறொன்றும் சொல்கிறார்கள். பிள்ளைகள் இரண்டையும் சொல்கிறார்கள்.

அக்காள் வரும் திங்கட்கிழமை பள்ளிக்குப் போகிறாள். நான்காம் வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் காரணத்தை இரண்டு வரியில் எழுதி, அதன் கீழே கையெழுத்திட்டிருக்கிறாள். இடம் கிடைக்குமா என்பது ஐயமே. கிடைக்காவிட்டால் வேறு பள்ளி பார்ப்பதாக அத்திம்பேர் சொல்லியிருக்கிறார், சற்று முனகலோடு. பெட்டியையும் திருப்பி அனுப்ப எண்ணி எல்லாவற்றையும் அடுக்கினோம். மரக்கரண்டியைக் காணவில்லை. பிள்ளையிடம் கேட்டால், "ஒளிஞ்சுட்டு" என்கிறாள்.